எழுபத்தொன்றாம் எண் பச்சைச் சீட்டு

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுவேன்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும், டவுன் கிளினிக்கில் நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளக்கும் வேலை கிடைத்தது. கையில் ஒரு டேப்லெட். எண் சீட்டு வாங்கியதும் ஒரு பொத்தான், டாக்டர் பார்த்ததும் ஒரு பொத்தான். நடுவில் எதிலும் தலையிடக் கூடாது.

முந்தைய அறிக்கை சராசரி முப்பத்தெட்டு நிமிடம் என்றது. சிரிப்புதான் வந்தது. எஸ்டேட் லோரி செவ்வாய்க்கிழமை மட்டும்தான் எங்கள் ஆட்களை ஏற்றி வரும். ஆறரைக்கே இறக்கிவிடும். எட்டு மணிக்குத்தான் சீட்டு. அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரம் யார் கணக்கிலும் இல்லை. என் அப்பா அந்த பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே சர்க்கரைக்கு ஒரு காலைக் கொடுத்தார். அதையும் யாரும் அளக்கவில்லை.

திட்டத் தலைவர் திருமாறன் சார் ஒரு கூட்டத்தில் சொன்னார்: "சராசரிய எவன்மா படிப்பான்? ஒரு ஆள், ஒரு நேரம். அதக் காட்டு, அசைவான்."

அடுத்த செவ்வாய் மணியம்மாக்கா வந்தார். பக்கத்து வீடு. நான் பல்கலைக்கழகம் கிளம்பிய அன்று தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் பையில் திணித்தவர். வந்ததும் ஐ.சி.யை, தன் அடையாள அட்டையை, என் கையில் வைத்தார். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. மலாய் தெரியும், ஆனால் கவுண்டர் முன்னால் நாக்கு எழாது. படித்த பிள்ளை கண்ணில் பட்டால் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள்.

"நீயே பேசிடு புவனேசு. நான் பேசுனா அந்தப் புள்ள நிமிந்துகூட பாக்காது லா."

"என்னக்கா செய்யுது?"

"விடியக்காலைலருந்து நெஞ்ச அமுக்குது. இடது கை மரத்துப் போச்சு. கொழுந்து வெட்டுற கத்தரி புடிச்ச கைதானே." டேப்லெட்டைப் பார்த்துச் சிரித்தார். "நாலு வருசம் படிச்சிட்டு மணி பாக்கவா வந்த?"

கவுண்டரில் பேசிச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். பச்சை. எண் எழுபத்தொன்று. பொத்தானை அழுத்தினேன்.

என்னை மூன்று முறை பார்த்தார். முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை, "இன்னும் எத்தன பேரும்மா?" என்றார். கொஞ்சம் பொறுங்கக்கா என்றேன். மூன்றாம் முறை பார்த்தபோது, அந்தக் குளிரிலும் முகம் நனைந்திருந்தது. குறிப்புக் கட்டத்தில் 'வியர்வை' என்று எழுதினேன்.

பதினொன்று நாற்பத்தேழுக்கு பெஞ்சிலிருந்து சரிந்தார். டாக்டர் ஓடி வந்து பார்த்தார். பார்த்ததும் பொத்தானை அழுத்தினேன். மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம்.

அந்த எண் அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது. இப்போது கிளினிக்கில் இரண்டாவது டாக்டர் இருக்கிறார். லோரி வாரம் இருமுறை வருகிறது. எங்கள் ஆட்கள் என் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள்.

மணியம்மாக்கா வீடு காலியாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லோரி ஹார்ன் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிறது. யாரோ படியிறங்கி வந்து என் கதவருகே நிற்கிறார்கள். தட்டுவதில்லை. நான் எழுந்து மணி பார்ப்பேன். பதினொன்று நாற்பத்தேழுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பச்சைச் சீட்டுக்காகக் கவுண்டர் பெண் அதீராவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்களாமே. அதற்காகத்தான் உங்கள் விசாரணைக்கு நானாகவே வந்தேன். பதிவில் தவறு இருக்கக் கூடாது. நெஞ்சு வலி என்று கேட்டிருந்தால் அவள் சிவப்புச் சீட்டு கொடுத்திருப்பாள். சிவப்பு இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விடும். அந்தக் கிளினிக்கில் அது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கும். இரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் என்ன காட்டுவது? சளி, உடம்பு வலி என்று சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

இதோ அவருடைய ஐ.சி. திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல் போனது.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நாற்பத்தேழு நிமிடமும் நான் அக்காவை விட்டு ஒரு நிமிடம்கூட நகரவில்லை.