திருநாளன்னைக்கு அடிச்ச துக்க மணி

சாவிதானே? இந்தாங்க, புடிங்க. பெருசு கோயிலு வாசலுக்கு, சின்னது பூசை உடுப்பு இருக்குற பெட்டிக்கு. மடியில முடிஞ்சுக்கங்க. வந்த வேல முடிஞ்சுச்சுல்ல? இப்ப உக்காருங்க உபதேசியாரே. செம்புல இருக்குறது காச்சி ஆறவச்ச தண்ணிதேன், பயப்படாமக் குடிங்க. பெரியகுளத்துலருந்து நடந்து வந்தவுகள தாகத்தோட அனுப்ப மாட்டேன். சேதியக் கேக்காமயும் அனுப்ப மாட்டேன்.

எங்க வீட்டுக்காரவுக இல்ல. வெளிய போயிருக்காக, வர்ற நேரந்தேன். வந்தாலும் என்ன பேசிறப் போறாக? ஆமாய்யா பூட்டுனேன், ஆமாய்யா மணி அடிச்சேன்னு சொல்லிட்டு நிப்பாக. கோயில்பிள்ளையா இருவது வருசம் இருந்த மனுசன், கோயில் மணிய விட அவுக வாயி கம்மியாத்தேன் பேசும். அதேன் நான் பேசுறேன்.

சாமியாருக்குப் போன பிராதுல என்ன எழுதியிருக்கு? படிங்க, எனக்கு எழுத்துத் தெரியாது. ம். ம். திருநாளன்னைக்குக் கோயிலப் பூட்டுனான், சப்பரத்த எடுக்க விடல, கோயிலு பாதுகாவலரு மிக்கேல் சம்மனசுக்கு அவமரியாத செஞ்சான். அப்பறம்? அம்புட்டுத்தேனா? ஏன் பூட்டுனான்னு ஒரு வரி இல்லயா? தேடிப் பாருங்க, மடிச்ச பக்கத்துல எதும் இருக்கான்னு. இருக்காது. எழுதுனது நாட்டாமை அந்தோணிமுத்துல்ல.

சாமியாரு அந்தத் திருநாளுக்கு வரல, காய்ச்சல்ல கெடந்தாரு. வந்துருந்தா அவரு கண்ணு முன்னாலயே எல்லாம் நடந்துருக்கும், இந்தக் காயிதத்துக்கு வேலயே இல்ல. சரி, இப்ப நீங்க வந்துருக்கீகல்ல, கேளுங்க.

மலைக்கு மேல அணை கட்டுறாகல்ல, அங்கன ஒரு வருசம் கூலிக்குப் போனவுக எங்க வீட்டுக்காரவுக. கல்லுச் சொமக்கப் போயி பொணஞ் சொமந்தாக. ஒரு கொட்டாயில படுத்த எட்டுப் பேருல காலையில ஒருத்தன் எந்திரிக்கலயாம். வாந்திபேதி. தண்ணியில வருது, தண்ணியோட போகுது, காச்சிக் குடிங்கன்னு அங்கன இருந்த டாக்டர் தொர சொல்லுவாராம். அவுக வந்து சொன்னப்ப இந்த ஊரு சிரிச்சுச்சு. தண்ணியில என்னய்யா சாவு இருக்கும்னு.

போன புரட்டாசியில திருநாளு. இந்த வருசம் சம்மனசத் தூக்கிட்டுப் போகப் புதுச் சப்பரம், போடியிலருந்து ஆசாரி வந்து மாசக்கணக்காத் தங்கிச் செஞ்சது. நாட்டாமைக்குக் காலு தரையில நிக்கல. பதினாலு ஊருக்குச் சொல்லியாச்சு. கூட்டமெல்லாம் வந்தா எங்கன தங்கும்? வாய்க்காங் கரையிலதேன். எங்கன குளிக்கும், எதக் குடிக்கும்? அந்த வாய்க்காலத்தேன்.

அன்னைக்கு விடியக்காலையில ஒரு வீட்டுல ஒரு பொம்பளப்புள்ள செத்துப்போச்சு. பதினாறு வயசு. முந்துன நாளு மத்தியானம் வரைக்கும் கோயிலு வாசல்ல மாவெலத் தோரணம் கட்டிக்கிட்டு இருந்துச்சு. வயித்தால போக ஆரம்பிச்சு, விடியறதுக்குள்ள கண்ணு உள்ள போயி, வெரலெல்லாம் கெழவி வெரலாட்டம் சுருங்கி, குரலே வெளிய வரல. தண்ணி தண்ணின்னு ஒதடு மட்டும் அசைஞ்சுச்சு.

நாட்டாமை வந்தாரு, கூட ரெண்டு பெரிய மனுசங்க. கதவச் சாத்துங்க, யாரும் அழுகக்கூடாதுன்னாக. சேதி வெளிய போனா தாசில்தாரு ஆளனுப்பிக் கூட்டத்தக் கலைச்சுருவாரு, பதினாலு ஊருக்கு முன்னால மானம் போயிரும், சம்மனசு கோவிச்சுக்குவாரு. இன்னைக்கு ஒரு பொழுது பொறுங்க. சப்பரம் எறங்குனதும் பித்தக் காய்ச்சல்னு சொல்லி, கோயிலு ஓரத்துல, மரியாதையா, சிலுவ நட்டு அடக்கம் பண்ணிருவோம். வாந்திபேதின்னு தெரிஞ்சா மட்டும் அது நடக்காது, ஆத்தங்கரையில குழி வெட்டிச் சுண்ணாம்பக் கொட்டி மூட வேண்டியதுதேன். அப்படிச் சொன்னாரு. கோயில்பிள்ளையப் பாத்து, நீ மணியத் தொடாதலேன்னாரு. ஏலேன்னு கூப்புட்டாரு, உபதேசியாரே. அவுக அவர விட நாலு வயசு மூத்தவுக.

அவுக நேரா கோயிலுக்குப் போனாக. துக்க மணி அடிச்சாக. ஒண்ணு. நிறுத்தி, இன்னொண்ணு. நிறுத்தி, இன்னொண்ணு. மேளக்காரவுக கொட்ட நிறுத்திட்டாக. கறிக்கு ஆடு உரிச்சுக்கிட்டு இருந்தவுக கத்தியோட வந்து நின்னாக. அவுக கோயிலப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, மேக்கால வண்டிப்பாதைக்கு நடந்து, நடுப்பாதையில நின்னுட்டாக.

பண்ணைப்புரத்து வண்டிதேன் மொத வந்துச்சு. வண்டியோட்டி பேரு ராக்கையா. நம்ம வேதக்காரர் இல்ல, வாடகைக்கு வண்டி ஓட்டுறவரு. அவுக மாட்டு மூக்கணாங்கயித்தப் புடிச்சாக. இங்கன வாந்திபேதி வந்துருச்சு, வாய்க்காத் தண்ணியத் தொடாதீக, வண்டியத் திருப்புங்க. வண்டியில இருந்த ஒரு பொம்பள, குறுக்க நிக்கிறான் பாரு பேயின்னு மூஞ்சியில துப்புனா. ராக்கையா சாட்டைய ஓங்கிட்டாரு. அதுக்குள்ள எங்க ஊரு எளவட்டங்க ஓடியாந்து, ஒருத்தன் வண்டி மொளக்குச்சியப் புடுங்கி அவுக தோளுல ஓங்கிப் போட்டான். எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. நான் பத்தடி தள்ளி நின்னேன், எனக்குக் கேட்டுச்சு. கீழ விழுந்தாக. எந்திரிச்சாக. அந்தக் கை தொங்குது, இந்தக் கையால திரும்பவும் கயித்தப் புடிச்சாக. திருப்புங்கய்யா, திருப்புங்க.

திருப்புனாரு. அந்த வண்டி திரும்பவும் பின்னால வந்ததெல்லாம் நின்னுச்சு. ராக்கையாவே போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாரு. நாப்பது வண்டி இருக்கும். உச்சிப்பொழுதுக்குள்ள பாதையில மாட்டுச் சாணியத் தவுர ஒண்ணுமில்ல.

அப்பறம் என்ன நடந்துச்சுன்னு பிராதுல எழுதலயா? எங்க ஊருல இருவத்தி மூணு பேரு செத்தாக. பதினோரு நாளுக்குள்ள. சம்மனச வெளிய விடாமப் பூட்டி வச்சதுக்கு வந்த சாபமாம்! எவன் சொன்னான் தெரியுமா, நாட்டாமை சொன்னாரு. அவரு தம்பியே செத்துக் கெடக்கையில சொன்னாரு. அந்தத் தம்பியத் தூக்க சொந்தக்காரன் ஒருத்தன் வரல, உபதேசியாரே! பயந்து ஓடிட்டானுக. குழி வெட்டி எறக்குனது யாரு? இந்த மனுசன்தேன், ஒத்தக் கையோட. எறக்கிட்டு செபஞ் சொல்லிட்டு வந்தாக. அந்தக் காரியம் முடிஞ்ச மறுநாளே இந்த வீட்டுக்கு நெருப்புக் குடுக்கக்கூடாது, பொதுக் கெணத்துல எறங்கக்கூடாதுன்னு ஊருக்கட்டு போட்டாக. நல்லாருக்கா? பண்ணைப்புரத்துல ஒரு சாவு இல்ல. பெரியகுளத்துல ஒரு சாவு இல்ல. வந்துருந்தா நாப்பது வண்டி சனமும் தண்ணியக் குடிச்சுட்டு, சீக்கக் கட்டிக்கிட்டுத்தேன ஊருக்குப் போயிருக்கும்? அந்தக் கணக்க எவன் எழுதுவான்? வராத சாவுக்கு எவன் மணி அடிப்பான்?

சம்மனசுக்கு அவமரியாதயாம். கேட்டேன் நாட்டாமையவே, தெருவுல நிறுத்திக் கேட்டேன். பொய்யி மேல ஏத்தி வச்சுத் தூக்குனா அதுக்குப் பேரு மரியாதயான்னு. பொம்பளகிட்டப் பேச மாட்டேன்னு போயிட்டாரு.

என்ன கேக்குறீக? மூஞ்சியில துப்புன சனம் எப்படி நம்புச்சுன்னா? ராக்கையா ஏன் திருப்புனாருன்னா கேக்குறீக?

எம்மக செத்துக் கெடக்காய்யா, வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்கன்னாக. எந்தத் தகப்பன் அப்படிப் பொய் சொல்லுவான்?

ஆமா. இந்த வீடுதேன். நீங்க உக்காந்துருக்கீகளே, அங்கனதேன் பாயிப் போட்டுருந்துச்சு. எந்திரிக்காதீக, இருங்க, சாணி போட்டு மொழுகி எத்தனையோ தரமாச்சு. ஞானசெல்வின்னு பேரு. ஒத்தப் புள்ள.

இன்னும் இருக்கு உபதேசியாரே. கதவச் சாத்துங்கன்னு நாட்டாமை சொன்னப்ப, சரிங்கய்யான்னு சொன்னது நாந்தேன். நானே எந்திரிச்சுப் போயிச் சாத்துனேன். அவரு போன பெறகு அவுக சொன்னாக, மதலேனா, நம்ம புள்ள குடிச்ச தண்ணியத்தேன் இன்னைக்கு வர்ற புள்ளைகளும் குடிக்கப் போகுதுக, சர்வேசுரன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்னாக. ஊராம் புள்ள எக்கேடும் கெட்டுப் போகட்டும், எம்புள்ளைக்குக் கோயிலு ஓரத்துல ஒரு சிலுவ வேணும்னேன். கதவுக்குக் குறுக்க நின்னேன். என்னையத் தள்ளிட்டுத்தேன் போனாக.

சிலுவ இல்ல. ஆத்தங்கரையில, சுண்ணாம்புக்குள்ள கெடக்கா. மழ வந்து எடமும் மட்டமாப் போச்சு. அவுகளுக்கு மட்டுந்தேன் தெரியும் எங்கனன்னு. இப்பக்கூட அங்கனதேன் போயிருக்காக.

நாலு மாசமாச்சு, அவுகளோட நான் ஒரு வார்த்த பேசல. சோத்த வைப்பேன், வெளிய போயிருவேன். ஊரு சேத்துக்கலன்னு இம்புட்டு நேரம் கத்துனேனே, மொதல்ல சேத்துக்காதவ நாந்தேன். செஞ்சது சரின்னு அன்னைக்கு உச்சிப்பொழுதுலயே தெரியும், அந்தத் தொங்குற கையப் பாத்தப்பவே தெரியும். வாயி வரல. சாமியாருகிட்டப் போயி இதையும் சேத்துச் சொல்லுங்க, கோயில்பிள்ளை பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க.

அந்தா, வர்றாக. நீங்க செத்த நேரம் சும்மா இருங்க.

ஏங்க… இங்கன வாங்க. கைகால் கழுவிட்டு வந்து உக்காருங்க, சோறு போடுறேன்.