ஆடாத ஊரில் ஒரு சுவர்

— செத்தவங்க பேசக் கூடாது. கழுத்துல கறுப்பு அட்டை மாட்டியிருக்காங்கல்ல?

— நான் எங்க பேசினேன்? எறும்பு கடிக்குது, நெளிஞ்சேன்.

— பொணத்த எறும்பு கடிச்சா பொணம் சும்மாதான் கெடக்கும்.

— ஒன்பது வருஷம் கழிச்சு கூடப் பொறந்தவன்கிட்டப் பேசற மொத பேச்சு. ரொம்ப நல்லாருக்கு.

— கூடப் பொறந்தவன்கிட்ட யாரு பேசினா? பக்கத்துல கெடக்கற பொணத்துக்குப் புத்தி சொன்னேன். எனக்கு மஞ்ச அட்டை. தொடை எலும்பு முறிவு. முனகலாம், பேசலாம், தண்ணி கூடக் கேக்கலாம்.

— அப்ப முனக வேண்டியதுதானே?

— முனகினேன். கொஞ்சம் மெதுவா முனகுங்கம்மா, ஆடெல்லாம் மெரளுதுன்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்க.

— பூகம்ப ஒத்திகைக்குன்னு இம்மாம் பெரிய பள்ளிக்கூட மைதானம் இருக்கு. உன்ன எதுக்கு என் பக்கத்துலயே கொண்டாந்து போட்டாங்க?

— வீட்டு நம்பர் வரிசையாம். காகிதத்துல இன்னமும் உனக்கும் எனக்கும் ஒரே நம்பர்தான். நடுவுல நீ சுவரு வச்சது காகிதத்துக்குத் தெரியல.

— நான் வச்சேனா? நீ வைக்கச் சொன்ன, வச்சேன்.

— சொன்னா வச்சிருவியா? அதுக்கு முன்னால உன்கிட்ட ஆயிரம் சொல்லியிருக்கேன். ஒண்ணையாவது கேட்டியா?

— ஏய், மெல்லப் பேசு. நான் செத்துக் கெடக்கேன்.

— கெட.

— கண்ண மூடினா நல்லாத்தான் இருக்கு. வெயிலு இமைக்குள்ள செவப்பா ஊறுது. முதுகுக்கு அடியில தரை மெதக்கற மாதிரி. நெசமாவே ஆடுதோ?

— இந்த ஊருலயா? வெள்ளம் வந்ததில்ல, புயல் வந்ததில்ல, பூமி ஒரு கொட்டாவி விட்டதில்ல. வீடு பாக்க வந்த ஆபீசரே சொன்னாரு, உங்களது ரொம்பப் பத்திரமான வட்டாரம்மா, ஆனாலும் தயாரா இருக்கணும்னு. தண்ணி, டார்ச்சு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் போட்டு நம்பருக்கு ஒரு பை குடுத்தாரு.

— எனக்குக் குடுக்கலையே?

— நம்பருக்கு ஒண்ணு. நான் வாங்கி ஆணியில மாட்டியிருக்கேன். அதுல ஒரு விசில் இருக்கு, இடிபாட்டுல சிக்கினா ஊதறதுக்கு. என் பொண்ணு இப்பவே சிக்கிட்ட மாதிரி நாள் பூரா ஊதறா.

— கேட்டுச்சு. அதுல நாலாவது ஊதல்ல அவளுக்கு இருமல் வருது. நெஞ்சுச் சளி. வெந்நீர் குடு.

— அதெல்லாமா கேக்குது?

— எல்லாம் கேக்கும். தூக்கத்துல அவ கால உதைக்கறது, நீ அரிசி கழுவறது, மாப்பிள்ளை கால இழுத்து இழுத்து நடக்கறது, எல்லாம்.

— யாரு அங்க குசுகுசுன்னு? கறுப்பு அட்டை, வாய மூடிக்கங்க, சரிங்களா? மேல இருந்து ஆளுங்க வந்து பாக்கறாங்க.

— எனக்குத்தான் முனகல் வந்துச்சு, டீச்சரம்மா. தூக்கிட்டுப் போக எப்ப வருவீங்க?

— இருக்கறது ஒரே ஒரு ஸ்ட்ரெச்சரு. அதுல மாவு மில்லுக்கார அம்மாவ ஏத்திட்டாங்க. ஏழு பேரு தூக்கறாங்க, இன்னும் கொடிக்கம்பத்தக் கூடத் தாண்டல. நீங்க அடுத்தது, சரிங்களா? அப்பறம், உங்க வீட்டுத் தாளு என்கிட்டத்தான் இருக்கு. நடுச்சுவரு ஆபத்துன்னு ஆபீசரு செவப்புல பெருக்கல் குறி போட்டிருக்காரு. இடிக்கறதா, பலப்படுத்தறதான்னு கேட்டதுக்குப் பலப்படுத்தச் சொன்னீங்கல்ல? ஒத்திகை முடிஞ்ச கையோட தாளக் குடுத்துருவேன். நாளைக்குக் காலையில ரெண்டு பக்கமும் கம்பி கட்டி காங்கிரீட் போட வந்துருவாங்க. அப்பறம் மாத்த முடியாது, சரிங்களா?

— சரிங்க டீச்சரம்மா.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. மில்லுக்கார அம்மா கீழ விழுந்துட்டாங்க போல, ஓடறாங்க.

— பலப்படுத்தவா சொன்ன?

— ஆமா.

— காங்கிரீட் போட்டா நம்ம காலம் முடியற வரைக்கும் அசையாது. தெரியும்ல?

— பதினஞ்சு வருஷம் உன் பின்னால கலவைச் சட்டி சுமந்தவகிட்டயே காங்கிரீட் பாடம் நடத்தறியா?

— இன்னும் அந்தச் சாரத்தையே நெனச்சுக்கிட்டிருக்க.

— நீ கட்டின சாரம். என் புருஷன் ரெண்டாவது மாடியிலருந்து விழுந்தாரு. அதக் கூட மறந்திருப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, குடிச்சிட்டு ஏறினா விழத்தான் செய்வான்னு அத்தன பேரு காதுலயும் விழற மாதிரி சொன்ன பாரு. அன்னிக்கு அவரு சொட்டு கூடத் தொடல.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— அவரு குடிக்கலன்னு தெரியும். கயிறுதான் நஞ்சு போயிருந்துச்சு. காலையிலயே பாத்தேன். புதுக் கயிறு கேட்டா முதலாளி மொறைப்பாரு, இன்னிக்கு ஒரு நாள் தாங்கிரும்னு கட்டினேன். அவரு விழுந்ததும் பழி என் மேல வந்துருமேன்னு பயந்துட்டேன். வாயில வந்தத அள்ளி அவரு மேல போட்டுட்டேன்.

— இத ஒன்பது வருஷம் கழிச்சு சொல்ற. அதுவும் செத்ததுக்கு அப்பறம்.

— உசுரோட இருக்கறப்ப வாய் வரல.

— கண்ணு கூசுது. முந்தானைய மூஞ்சியில போட்டுக்கறேன்.

— அழறியா?

— எலும்பு முறிஞ்சிருக்கு. அழுவேன், உனக்கென்ன?

— இன்னொண்ணு இருக்கு. கேட்டுட்டு ஒரேயடியா அழு. அந்தச் சுவத்துக்கு நான் அஸ்திவாரம் தோண்டல.

— என்னது?

— ஒரு சாண் கூடத் தோண்டல. தரைக்கு மேலயே மொத வரிசை செங்கல்ல வச்சேன். பக்கத்துச் சுவத்தோட பிணைக்கவும் இல்ல. பீரோவ நிறுத்தற மாதிரி நிறுத்தினேன். உனக்கு ரெண்டு மாசத்துல கோவம் எறங்கிரும், அதுக்குள்ள ஒரு நல்ல காத்தடிச்சா அதுவா சாஞ்சிரும்னு பாத்தேன். இந்த முப்பது வருஷத்துல நான் செஞ்ச ஒரே திருட்டு வேலை.

— எனக்குச் சிரிப்பு வருது.

— சிரிக்கிற சேதியா இது?

— கலவை யாரு போட்டா?

— நீதான். மூக்கச் சிந்திக்கிட்டே போட்ட.

— ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல்னு சொன்ன. நான் பன்னெண்டு போட்டேன்.

— அடிப்பாவி! அதான் கரண்டியில நிக்காம பொலபொலன்னு உதுந்துச்சா? என் கண்ணுதான் கலங்கியிருக்கு, சரியாத் தெரியலன்னு நெனச்சுப் பூசிட்டேன்.

— ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் குடுத்த அண்ணன் தங்கச்சி வேலை லட்சணத்தப் பாரு.

— சத்தமா சொல்லாத, அடுத்த வேலைக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.

— காத்துக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், தெரியுமா? மேகம் கறுத்துக்கிட்டு வரும். நம்ம கூரைக்கு நேரா வந்து நிக்கும். இங்க நமக்கு என்ன வேலைன்னு யோசிச்சிட்டு மலைப் பக்கம் போயிரும். ஒரு தடவை கனவுல மட்டும் ஆடுச்சு. தொட்டில ஆட்டற மாதிரி மெதுவா. அடுப்புல பானை தானா நகந்துச்சு, மாடு கட்டுத்தறியோட மெதந்து போச்சு, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அந்தச் சுவரு மட்டும் தண்ணியில விழுந்த சக்கரை மாதிரி கரைஞ்சு போச்சு. பாத்தா அந்தப் பக்கம் நீ தட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. கொழம்புல உப்பு பத்தலங்கற.

— நீ என்ன சொன்ன?

— முழிச்சிட்டேன். சொல்ல நேரமில்ல.

— உப்பு எப்பவுமே பத்தாது உனக்கு.

— வாய மூடு. அதோட விட்டேன்னா நெனச்ச? பொண்ணு மூணு வயசுல கேட்டா, சுவத்துக்கு அந்தப் பக்கம் பாட்டுப் பாடிக்கிட்டே பல்லு வெளக்கறது யாரும்மான்னு. என்ன சொல்றது? அன்னிக்கே ஆரம்பிச்சேன். நீ வேலைக்குப் போனதும் அவ கட்டில நகத்திட்டு, தோளக் குடுத்துத் தள்ளுவேன்.

— எத?

— சுவத்தத்தான். தானா விழுந்துச்சுன்னா நீயும் எறங்கி வர வேணாம், நானும் எறங்கி வர வேணாம். நாலு வருஷமா தெனமும் தள்ளறேன். இந்தத் தோளு நேராவே நிக்க மாட்டேங்குது. பன்னெண்டுக்கு ஒண்ணு கலவை, எப்பவோ உதுந்திருக்கணும். இப்ப அஸ்திவாரமும் இல்லங்கற. ஆனா ஒரு நூலு அசையல. போன மாசத்தோட விட்டுட்டேன். அண்ணன் மனசு மாதிரியே அண்ணன் கட்டின சுவரும், நம்ம தள்ளி ஆகற காரியம் இல்லன்னு. அதான் ஆபீசரு கேட்டப்ப, பலமாவே கட்டுங்கன்னுட்டேன்.

— தெனமுமா தள்ளின?

— ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருப்ப. அன்னிக்கு மட்டும் லீவு.

— அம்மா, ஸ்ட்ரெச்சர் வந்தாச்சு. கால நீட்டுங்க. மெதுவாத் தூக்குங்கப்பா, தொடை எலும்பு. தாளுல பலப்படுத்தறதுன்னே விட்டுரலாம்ல?

— விட்டுருங்க டீச்சரம்மா. அசையாத சுவத்த இடிச்சு என்ன ஆகப் போகுது.

— நில்லுங்க டீச்சரம்மா!

— கறுப்பு அட்டை எந்திரிச்சு உக்காரக் கூடாது! ஐயா, எல்லாரும் பாக்கறாங்க!

— பாக்கட்டும். பாப்பா, கேளு. உன் பொண்ணு பொறந்து, சுவத்தோரம் நீ கட்டில இழுத்துப் போட்ட சத்தம் கேட்டதுலருந்து எனக்குத் தூக்கம் போச்சு. மறுநாளே என் பக்கம் கொக்கி அடிச்சேன். உன் பக்கம் சாயாம இருக்க எதிர்ச்சுவத்தோட கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன், என் பக்கம் சாயாம இருக்க ரெண்டு கட்டைய முட்டுக் குடுத்தேன். நாலு வருஷமா வாரா வாரம் ஞாயித்துக்கிழமை, முட்டு எப்படித்தான் தளருதுன்னு ஒண்ணும் புரியாம ஆப்பு வச்சு இறுக்கிக்கிட்டிருக்கேன். டீச்சரம்மா, அந்தத் தாள இன்னிக்குக் குடுக்காதீங்க. நான் போயி முட்டுக் கட்டையயும் கம்பியயும் கழட்டறேன். நீ கட்டில நகத்திட்டு, இன்னும் ஒரே ஒரு தடவ தள்ளு.