ஆறாம் படுக்கையின் பலகை

பெயர்: பதிவேட்டில் உள்ளபடி. பள்ளியிலும் தெருவிலும் வழங்கும் பெயர்: சவடால். வயது: பதினேழு. தகப்பனார்: தையல்காரர், காலமானார். முகவரி: தையல் கடைக்கு மேல் மாடி. உடன் இருப்பவர்: தாய்மாமன்.

பொதுமக்களின் கவனத்துக்கு முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. இந்தக் காவல் நிலையத்தில் சாட்சி உட்காரும் நாற்காலிக்கு மூன்று கால்கள்தான் பணியில் இருக்கின்றன, நான்காவது கால் நீண்ட விடுப்பில் இருக்கிறது. இதையும் எழுதுங்கள் என்றேன். எழுத்தர் ஐயா, "சொல்றத சொன்னபடி எழுதுறதுதான் என் வேலை, அப்புறம் வருத்தப்படாதே" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

மருத்துவமனையில் சாப்பாட்டு வண்டி தள்ளும் அக்கா மீது என் மாமா கொடுத்த புகாரில் நான்தான் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்று நான் சொல்வதை வைத்து அவரைக் கைது செய்வார்கள் என்று மாமா சொன்னார். நான் வரும்போது அந்த அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். நான் உட்காராமல் உள்ளே வந்துவிட்டேன்.

என் அப்பா பள்ளிச் சீருடை தைப்பவர். எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. மிஷினுக்கும் அவருக்கும் நடுவில் வயிறு போய் உட்கார்ந்துகொள்வதால் கையை எட்டி எட்டித் துணியைத் தள்ளுவார், தையல் கோணிக்கொண்டு போகும். நான்கு வருடங்களுக்கு முன்பு முதல் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். "டாக்டரும் நம்ம ஜாதிதான்டா, கத்திரி பிடிக்கிற ஜாதி. வயித்த பிடிச்சுத் தச்சுட்டாரு" என்றார் அப்பா. அதன் பிறகு பதினான்கு மாதங்களில் நாற்பது கிலோ இறங்கினார். தன் பேன்ட்டின் இடுப்பை ஐந்து முறை பிடித்துத் தைத்தார். மிஞ்சிய துணியை மட்டும் வெட்டவில்லை, உள்ளேயே மடித்து விட்டார். "அதான் இளைச்சாச்சே, வெட்டி எறிப்பா" என்று நான் சொன்னதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார்.

அதன் பிறகு எடை ஏறியது. திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் கூடச் சேர்ந்து கிண்டல் செய்தேன். உண்மையில் அவர் அளவுக் கிண்ணத்தில்தான் சாப்பிட்டார், பார்த்திருக்கிறேன். ஐந்து தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ஐந்தாவதைப் பிரித்த வாரத்தில் இரண்டாவது அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை குடலைத் திருப்பி இரைப்பையின் மேல்பக்கத்தில் இணைக்க வேண்டும், போன தடவையை விட ஆபத்து அதிகம் என்று டாக்டர் சொன்னபோது, "ஆல்ட்ரேஷன்னா அப்படித்தாங்க, புதுசா தைக்கிறது சுலபம்" என்று அவருக்கே பாடம் எடுத்தார்.

சென்ற மாதம் பதினொன்றாம் தேதி சிகிச்சை முடிந்து அப்பாவை ஆறாம் படுக்கையில் போட்டார்கள். கால்மாட்டில் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்று சிவப்பில் எழுதிய பலகையைக் கயிற்றில் மாட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்து, இணைப்பில் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே தண்ணீர்கூடக் கொடுப்பார்களாம். வண்டி தள்ளுபவர்களிடம் பட்டியல் கிடையாது. பலகை தொங்கினால் தட்டு இல்லை, தொங்காவிட்டால் தட்டு உண்டு. அப்பா விழித்த நேரமெல்லாம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "அது என்னிக்குக் கழறுதோ அன்னிக்குத்தான்டா எனக்கு விடுதலை" என்றார்.

மூன்று நாளும் நான் அந்த வார்டை விட்டு நகரவில்லை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு கொசு நுழைய முடியாது. சும்மாவும் இருக்கவில்லை, நான் ஒரு குறும்பு செய்தால் குறைந்தது நாற்பது பேராவது சிரிப்பார்கள். பதின்மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா வண்டியோடு வந்தார். பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துவிட்டுப் போனார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த இடத்தில் எழுத்தர் ஐயா பேனாவை நிறுத்தி, "பாத்துட்டு ஏன் தம்பி தடுக்கல?" என்று கேட்டார். ஒரு மாதமாக இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நாற்காலி ஆடியது.

நான் பார்க்கவில்லை. நான் அங்கே இல்லை.

அன்று பன்னிரண்டரை மணிக்கு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். நான் பலகையைக் கழற்றி மாமாவின் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்தேன். அதற்குள் நர்ஸ் வரும் சத்தம் கேட்டதால் பலகையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கீழே இறங்கிப் போய், மாடிப்படியில் உட்கார்ந்து படத்தை நண்பர்களுக்கு அனுப்பினேன். அதன் பிறகு அங்கேயே முக்கால் மணி நேரம் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. மாமா இன்னும் குறட்டையில் இருந்தார், அப்பா விழித்திருந்தார். "பலகைய கழட்டிட்டாங்கடா. டாக்டர் சொல்லிட்டாரான்னு கேட்டேன், பலகை இல்லீங்களே, சாப்பிடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றார். காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒரு துண்டு ரொட்டியை எடுத்து, "நீ காலைலேருந்து ஒண்ணும் தின்னல, இந்தா" என்று கொடுத்தார். பலகையின் ஓரம் என் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. நான் ரொட்டியை வாங்கித் தின்றேன். அதன் பிறகு அவர் கண்ணை மூடியதும் பலகையைப் பழைய இடத்தில் மாட்டினேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அக்கா கொடுத்ததைத் தான் சாப்பிட்டதை மட்டும் அப்பா மாமாவிடம் சொன்னார். பிறகு அவரை உள்ளே கொண்டுபோய் மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். "பலகை தொங்குதேடா, அப்புறம் எப்படிக் குடுத்தா?" என்று மாமா கேட்டபோது, "நான் பாத்தேன் மாமா, அந்தக்கா பலகையப் பாக்கவே இல்ல" என்றேன். பதினாறாம் தேதி அதிகாலையில் அப்பா இறந்துபோனார். சாப்பிட்டதால்தான் இணைப்பு விட்டதா, தானாகவே விட்டிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை நான் தினமும் எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் இதைச் சொல்லி முடித்ததும், இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "எங் கழுத்துலயாடா மாட்டினே?" என்று ஒருமுறை கேட்டார். அதன் பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்தப் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. நேரம் பன்னிரண்டு முப்பத்தொன்பது. கைப்பேசியை ஒப்படைக்கிறேன். அக்கா வந்தபோது ஆறாம் படுக்கையில் பலகை இல்லை. அவர் மீது தவறு இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். நாற்காலி முதல் கடைசி வரை எல்லாம் நான் சொன்னதே, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. 'கண்ணால் பார்த்தேன்' என்பதையும், வார்டை விட்டு நகரவில்லை என்பதையும் அடித்து, அடித்த இடங்களில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். நாற்பது பேர் என்பதையும் அடிக்கச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை, இருக்கட்டும் என்றார் எழுத்தர் ஐயா. அந்தப் படத்தைப் பார்த்தது மூன்று பேர். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "உங்கப்பா எப்படிடா இருக்காரு?" என்று கேட்டிருந்தான்.

(ஒப்பம்)