போத்தலோடு வந்தவரும் போர்த்தாத பொன்னாடையும்

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும், வீட்டிலும் தாமே தலைமை தாங்குவதாக நம்பிக்கொண்டிருக்கும் என் கணவர் சண்முகராசா அவர்களே! லண்டன் ஆர்ச்வேக் கோவிலில் முருகனைக் கும்பிட்ட கையோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்றதோடு நில்லாமல், மழையிலும் குளிரிலும் மைதானம் மைதானமாக ஏற்றி இறக்கிய தாய்மார்களே! கைப்பேசி வெளிச்சத்தில் முகம் மின்ன அமர்ந்திருக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை வாரி வழங்குகிறேன்.

முதலில் என்னைச் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். இப்போது இழுத்துப் பேசச் சொல்கிறார்கள். ஏன்? இன்று நாம் பாராட்ட அழைத்த அபிஷன் இந்த மண்டபத்துக் கழிவறையில் நிற்கிறான். ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரி ஒருவர் போத்தலோடு அவன் பக்கத்தில் நிற்கிறார். சிறுநீர் கொடுத்தால்தான் பிள்ளை வெளியே வரலாம். சிரிக்கிறீர்கள்! பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் உங்களுக்கு வருமா?

நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் நின்ற நம் றமணன், கோட்டும் அடையாள அட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர் வந்ததைக் கண்டதும், சத்தம் என்று யாரோ முறையிட்டு வந்த கவுன்சில்காரர் என்றே முடிவுகட்டிவிட்டார். "சத்தத்தைக் குறைக்கிறம் சேர், குறைக்கிறம்" என்று ஓடிவந்து, வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்! றமணன், தூணுக்குப் பின்னால ஒளியாதேங்கோ, கண்டிட்டன்.

வந்தவர் அபிஷனின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவ்வளவுதான்! முன்வரிசையில் 'பரிசோதனை' என்று புறப்பட்ட சொல், நடுவரிசையில் 'ஊசி' ஆகி, பின்வரிசையில் 'பொலிஸ்' ஆகி, வடை சுடும் சமையலறையை எட்டுமுன் பிள்ளையைச் சிறையிலேயே அடைத்துவிட்டது. நம்மவர் நாக்குக்கு எந்த ஊக்கமருந்தும் தேவையில்லை!

அப்போது தலைவர் என் காதில் சொன்னார்: "இஞ்சேரும், இப்ப பொன்னாடை போர்த்த வேண்டாம். முடிவு வரட்டும். பிறகு ஒருநாள் பாப்பம்." காதில் சொன்னதை மேடையில் சொல்கிறாளே என்று பார்க்கிறீர்களா? வீட்டுக்குப் போய் அந்தச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். அபிஷனுக்குப் பொன்னாடை இன்று உண்டா, இல்லையா? அதற்கு இங்கேயே விடை வேண்டும்.

யார் இந்தப் பிள்ளை? இதே வெம்பிளியில் கிரிக்கெட் பந்தெறிந்து வளர்ந்தவன். பேஸ்போல் என்ற ஆட்டத்தைக் கற்று, அமெரிக்காவில் அதையே தொழிலாக ஆடும் அணி ஒன்றில் பந்தெறிபவனாகச் சேர்ந்திருக்கிறான். அந்த ஆட்டத்துக்கு ஒரு கெட்ட காலம் இருந்தது. உடல்கள் ஊதின, பந்துகள் பறந்தன, அரங்கங்கள் அதிர்ந்தன! பிறகுதான் தெரிந்தது, அடித்தது ஆளல்ல, தசையை ஊதவைக்கும் ஸ்டெரொயிட் ஊசி என்று. நேர்மையாக உழைத்தவன் வாய்ப்பிழந்து வீட்டுக்குப் போனான். அதனால்தான் இந்தக் கண்டிப்பு. ஆட்டமில்லாத ஓய்வுக் காலத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். கள்ளனிடம் மட்டுமா? எவரிடமும் வருவார்கள்! அந்த ஓரத்தில் இருக்கிற அண்ணை, உங்கள் சாப்பாட்டுக் கடைக்கும் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அதற்காக உங்கள் கொத்துரொட்டியை நாங்கள் சாப்பிடாமல் விட்டோமா?

தமிழில் இதற்கு 'ஊக்கமருந்து' என்று யார் பெயர் வைத்தாரோ! ஊக்கம் என்ற ஒளி பொருந்திய சொல்லைக் கொண்டுபோய் ஊசிக்குள் ஏற்றிவிட்டார். விடியற் குளிரில் தனியே ஓடுகிறவனிடம் இருப்பது ஊக்கம்! தோற்ற மறுநாளும் பயிற்சிக்குப் போகிறவனிடம் இருப்பது ஊக்கம்! ஊசியில் இருப்பது ஊக்கமா? அது ஏக்கம்! உழைக்காமல் உயர நினைக்கும் ஏக்கம்!

இங்கே லண்டன் எட்மண்டனில் ஒரு பிறந்தநாள் விழா. உறவினர் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், மூன்றாம் வரிசையில் இருக்கிறார், "தம்பி, இந்தப் பவுடரைக் கரைச்சுக் குடி, கை உரமேறும்" என்று அன்போடு நீட்டினார். "வேண்டாம் மாமா. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. பிழைச்சுதெண்டால் என்ர விளையாட்டே போயிடும்" என்றான் அபிஷன். தடிமன், சளிக்குக்கூட அணியின் மருத்துவரைக் கேட்காமல் மருந்து தொடாத பிள்ளை அவன். மாமாவுக்கு வந்ததே கோபம்! "அமெரிக்கா போனவுடன பெடியனுக்குப் பெரிய எடுப்பு" என்று சொல்லித் திரிந்தார். அன்றைக்கு மறுத்தபோது திமிர், எடுப்பு என்றீர்கள். இன்றைக்கு மருந்து எடுத்தான் என்கிறீர்கள். ஐயா, எந்தக் கதையில் நிற்கப்போகிறீர்கள்?

தாய்மார்களே, இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. அதிகாரி வாசலில் நின்று பெயரைக் கேட்டதும், அபிஷனின் தாய் தவநாயகி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். அவரால் எழும்ப முடியவில்லை. ஏன் என்று உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் விட்டுவந்த மண்ணில், ஒருவன் வாசலில் வந்து பிள்ளையின் பெயரைக் கேட்டால் என்ன நடந்தது? சின்ன விசாரணை என்று கொண்டுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? எத்தனை தாய்மார் இன்னமும் படத்தை ஏந்திக்கொண்டு வீதியோரம் நிற்கிறார்கள்? அந்த நடுக்கம் கடல் கடந்து நம்மோடு வந்திருக்கிறது. அதை நினைத்து நான் அழுவேன். வெட்கப்படமாட்டேன்.

ஆனால் தவநாயகி, கேளும்! இந்த மனிதர் உம்முடைய பிள்ளையைக் கொண்டுபோக வரவில்லை. பிள்ளையின் மூத்திரத்தைக் கொண்டுபோக வந்திருக்கிறார்! கொண்டுபோகட்டும்! போத்தலில் அடைத்து, முத்திரை குத்தி, மரியாதையோடு கொண்டுபோகட்டும்! பிள்ளை இங்கே நிற்பான்! நம் கண்முன்னே நிற்பான்!

முடிவு வரச் சில வாரங்களாகலாம். சுத்தம் என்றே வரும் என நான் நம்புகிறேன். சத்தியம் செய்ய என்னால் முடியாது. வேறாக வந்தால், அவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் முதல் ஆளும் நானாகவே இருப்பேன். ஆனால் முடிவைப் பார்த்துவிட்டுப் போர்த்தினால் அதற்குப் பெயர் பொன்னாடையா? பற்றுச்சீட்டு! கூப்பிட்டு மேடையேற்றிய பிள்ளையை ஒரு போத்தலைக் கண்டு இறக்கிவிடுவதா? சொல்லுங்கள் சபையோரே, இறக்கிவிடுவதா?

என்ன, தலைவர் எழும்பிவிட்டார். இஞ்சாருங்கோ, கோவிச்சுக்கொண்டு போறீங்களோ? ஓகோ, பொன்னாடையை அல்லவா கையில் எடுத்திருக்கிறார்! கைதட்டுங்கள்! இனி வீட்டில் எனக்குச் சண்டை இல்லை.

அதோ கதவு திறந்துவிட்டது. அதிகாரி தம் பெட்டியோடு புறப்படுகிறார், வழிவிடுங்கள். வாடா மகனே, மேடைக்கு வா. போர்த்துங்கள் தலைவரே! எப்படி இருக்கிறது பாருங்கள், அந்தத் தோளுக்கு!

என்ன அபிஷன்? என்ன கேட்கிறாய்?

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே சொல்கிறேன். "அன்ரி, அவை திரும்பவும் சோதிக்க வருவினம். எப்ப எண்டு தெரியாது. அப்பவும் என்னைக் கூப்பிடுவீங்களோ?" என்று கேட்கிறான் பிள்ளை.

கழிவறைக்குள் இவ்வளவு நேரமும் அவன் பயந்தது அந்தப் போத்தலுக்கல்ல, நமக்கு. இதற்கு நான் விடை சொல்லக்கூடாது. சபையோரே, கூப்பிடுவோமா? ஓம் என்று முணுமுணுத்தால் காணாது. எழும்பி நின்று சொல்லுங்கள்!

கேட்டதா, அபிஷன்? தவநாயகி, வாரும், வந்து மகனுக்குப் பக்கத்தில் நில்லும். பொறுமையாக அமர்ந்து கேட்டு, எழுந்து நின்று விடை சொன்ன உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.