ஃபீஸைக் குறைக்க ஒரு கல்யாணம்

தில்லி மெட்ரோவில் தமிழ் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவதே இல்லை. யாருக்குப் புரியப் போகிறது என்கிற தைரியம். ஜனக்புரி போகும் ரயிலில் என் எதிர் இருக்கையில் ஒருவனும் ஒருத்தியும், முப்பத்தைந்து வயது இருக்கும், நடுவில் ஒரு கேஸ் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“கேஸ் போடறதுக்கு முன்னாடி நாம கல்யாணம் பண்ணிக்கணுமாம். என் வக்கீல் சொல்றாரு,” என்றாள் அவள்.

“ஆறு வருஷம் சேர்ந்து இருந்தப்பவே பண்ணிக்கல. பிரிஞ்சப்புறம் எதுக்கு?”

“ஃப்ளாட் நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்குல்ல? அதைப் பிரிக்கணும்னா, கல்யாணம் ஆகாதவங்களுக்கு சிவில் கோர்ட்டு. வீட்டு விலைக்கு ஏத்தபடி ஃபீஸ் கட்டணும். புருஷன் பொண்டாட்டின்னா குடும்பக் கோர்ட்டு. ஃபீஸ் சும்மா பேருக்குத்தான்.”

அவன் கொஞ்சம் யோசித்தான்.

“அச்சா. அப்ப மலை மந்திர் முருகன் கோயில்ல கல்யாணத்த சிம்பிளா முடிச்சிடலாம். சாட்சிக்கு உன் வக்கீல், என் வக்கீல்.”

“வக்கீலுங்க வந்தா அதுக்கும் ஃபீஸ் கேப்பாங்க. சாட்சிக்கு வேற யாரையாவது பாரு. மாலைச் செலவு பாதிப் பாதி.”

“டீக் ஹை. நாள் பாத்துடு.”

“அதுக்குத்தான் ரெண்டு ஜாதகத்தையும் அம்மா ஜோசியர்கிட்ட காட்டினாங்க.” அவள் முகம் வாடிவிட்டது.

“என்ன சொன்னாராம்?”

“பத்துக்கு ஒன்பது பொருத்தமாம். தாலி கட்டிட்டா, பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாதாம்.”

அவன் சட்டென்று கேஸ் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“வேணாம். முழு ஃபீஸையே கட்டிடலாம்.”