டேவிட்டின் லாரியை நாவல் நாவலாக ஓட்டிவந்த சவுரிமுத்து அவர்களுக்கு

எல்லையில் நின்று எங்களைக் காத்து, பின்பு எங்கள் வாயிலில் நின்று எங்களைக் காத்து, இடையிடையே மர்ம நாவல்கள் எழுதி எங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஐயா! பம்மல் தந்த படைவீரரே! திருமுடிவாக்கம் உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலராகப் பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்குரிய சவுரிமுத்து அவர்களே! வணக்கம்.

காவலுக்கு ஓர் இலக்கணம் வகுத்தவரே! சரக்கு லாரி வாசலில் வந்து நின்றால் மற்றவர்கள் முதலில் சீட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பீர்கள். கண்ணில் தூக்கம் தெரிந்தால் முதலில் டீ, பிறகுதான் கேட் திறக்கும். மழைக்காலத்தில் சாலை ஏரியாகிவிட்டால் ஷேர் ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கு நின்று, பெண்களை முதலில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் நீங்கள் கிளம்புவீர்கள். நீங்கள் குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. ஆனாலும் உங்கள் முன்னால் ஹெல்மெட் இல்லாமல் வண்டியைக் கிளப்பும் துணிவு மேலாளருக்கும் இருந்ததில்லை.

கதை வளர்த்த காவலரே! தாம்பரம் ரயில் நிலையக் கடையில் உங்கள் மாத நாவல் தொங்குவதைப் பார்த்து, "இவர் எங்க கேட்ல இருக்கிறவர்" என்று முன்பின் தெரியாதவர்களிடம் பெருமை பேசாதவர் எங்களில் யார்? அந்தக் கதைகளுக்கு நாங்களும் உழைத்திருக்கிறோம். கதாநாயகி புடவையோடு எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அறிய, அலுவலக ரோஹிணியை சரக்கு மேடையிலிருந்து வாசல் வரை ஓடவிட்டீர்கள். பேக்கிங் கயிற்றால் கட்டப்பட்டவன் தானாக அவிழ்த்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க, தரக்கட்டுப்பாட்டுப் பத்ரியைத் தூணோடு கட்டினீர்கள். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. எல்லோரும் போய்விட்டோம். முடியாது என்பது அன்று உறுதியாயிற்று.

சனிக்கிழமைச் சாப்பாட்டு வேளைகளை எப்படி மறப்போம்! அச்சுக்குப் போகும் முன் ஒவ்வோர் அத்தியாயத்தையும் கேன்டீனில் எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தில் மாட்டிய கதாபாத்திரம் சாக வேண்டும் என்பவர்கள் சாப்பாட்டு டப்பா மூடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிழைக்க வேண்டும் என்பவர்கள் நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்கள் தீர்ப்பைப் பார்த்து நீங்கள் எத்தனையோ கடத்தல்காரர்களைக் கொன்றிருக்கிறீர்கள்.

ஒருவரை மட்டும் வாக்கெடுப்புக்கு விட்டதே இல்லை. ராணுவ லாரி ஓட்டுநர் டேவிட். எல்லா நாவலிலும் வருவார், மலைச்சாலையில் குண்டு மழைக்கு நடுவே சிரித்துக்கொண்டே ஓட்டுவார், தப்பிவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பத்ரி எழுந்தார். "சார், இந்த டேவிட் இன்னும் எத்தனை தடவைதான் தப்பிப்பான்? குண்டே ஒதுங்கி வழி விடுதா? இந்த வாட்டி போட்டுத் தள்ளிடுங்க சார், கிளைமாக்ஸ் சும்மா கெத்தா இருக்கும்!" கேன்டீனே சிரித்தது. மூடிகள் எல்லாம் கவிழ்ந்தன. நீங்கள் தாள்களை மடித்தீர்கள். "கேட்டுல ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்கடுத்த சனிக்கிழமைகளில் நீங்கள் படிக்கவில்லை.

பத்ரி பாதுஷாப் பொட்டலத்தோடு உங்களிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். அவரைத் தடுத்தவர் பேக்கிங் பிரிவு அமலராணி. "நீ ஏன் சார் போற? டேவிட்டு என் வூட்டுக்காரரு."

அமலராணி போரில் கணவரை இழந்தவர் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கு இங்கே வேலை வாங்கித் தந்தவர் நீங்கள் என்பதும் தெரியும். இத்தனை ஆண்டுகள் துப்பறியும் கதைகளைக் கேட்டவர்கள் நாங்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை அமலராணி எங்களில் சிலரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு உங்களிடம் வந்தார்.

"அண்ணா, அவரு செத்துப் போறத எழுது. வந்து சொன்னவங்க எல்லாம் வீர மரணம்னாங்க. கூட இருந்த நீ மட்டும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. டேவிட்டு பொழச்சிக்கினே இருந்தது எனக்கும் ஒரு ஆறுதலாத்தான் இருந்துச்சு. போதும்ணா. எப்படிப் போனாருன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற அமலா?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. தெரிஞ்சிக்கினு இருப்பேன்."

எதிரியைக் கண்டு கலங்காத நீங்கள் அன்று எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதுவதாகவும் சொல்லவில்லை. மாதங்கள் போயின. ஓய்வு நாள் நெருங்கியது. அவருக்குப் பதில் சொல்லாமலே போய்விடுவீர்களோ என்று நாங்கள் பயந்தோம்.

சென்ற சனிக்கிழமை தாள்களோடு வந்தீர்கள். யாரையும் மூடியைத் தொட வேண்டாம் என்றீர்கள்.

அந்த அத்தியாயத்தில் டேவிட் சிரிக்கவில்லை. கார்கில் மலைச்சாலையில் மண்ணெண்ணெய் டின்களோடு போன லாரியின் பக்கத்தில் குண்டு விழுகிறது. டேவிட் சாலையோரம் கிடக்கிறார். நடுங்குகிறார். "பயமா கீது சார், என்ன வுட்டுப் போவாத" என்று அழுகிறார். கூட வந்த ஹவில்தார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உதவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வீர வசனம் ஒன்றும் இல்லை.

படித்து முடித்துவிட்டு, "இதைச் சொன்னா அவன் பேரு கெட்டுடுமோன்னு இருந்தேன்மா" என்றீர்கள்.

அமலராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கரப்பான் பூச்சியப் பாத்துட்டு கட்டில் மேல ஏறி நின்ன ஆளுண்ணா அவரு. குண்டு போட்டா சிரிப்பாரா? இத்தினி புக்கு எழுதின, ஒண்ணுல கூட அவரு இல்ல. வேற யாரோ லாரி ஓட்டிக்கினு இருந்தான். இப்பதான் என் வூட்டுக்காரரு வந்தாரு." உங்களைப் பார்த்து, "கைய வுடல இல்ல?" என்று கேட்டார்.

"வுடலம்மா."

ஐயா, உங்கள் வீரத்தைப் பாராட்டும் பதக்கங்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. அன்று அந்தத் தாள்களைக் கையில் எடுத்துவந்த துணிவுக்குப் பதக்கம் கிடையாது. அதனால் அதை இங்கே எழுதி வைக்கிறோம். ஒரு மனிதரை அச்சமற்றவராக ஆக்கிக் காப்பாற்றிவந்தீர்கள். கடைசியில் அவரை அவராகவே மனைவியிடம் ஒப்படைத்தீர்கள். உங்கள் காவல் பணியில் இதைவிடப் பெரிது எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

முழங்கால் வலி உங்களை விட்டு விலகட்டும். பதிப்பாளர் கெடு வைத்து விரட்டாத காலைப்பொழுதுகள் வாய்க்கட்டும். நல்ல உடலும் நிறைந்த மனமுமாக நெடுநாள் வாழுங்கள். சனிக்கிழமைகளில் உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொள்ளப் பத்ரி பொறுப்பேற்றிருக்கிறார்.

இந்த மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று அமலராணியிடம் கேட்டோம். "எழுதுங்க. கண்ணாடி போட்டு அண்ணன் வூட்டுல மாட்டுவாங்க இல்ல? டேவிட்டு மட்டும் போதாது. அவரு நெசப் பேரையும் போடுங்க" என்றார்.

ஆகவே, ஹவில்தார் சவுரிமுத்து அவர்களுக்கும், அவரோடு பணியாற்றிய லாரி ஓட்டுநர் ஆபேல் அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்களோடு உண்டு, உங்கள் கதை கேட்ட
தொழிலாளரும் அலுவலரும்,
திருமுடிவாக்கம்.