இடுப்பளவு

அக்கா: நேரா நில்லுடா. மூச்சை இழுத்துப் பிடிக்காதே.

தம்பி: தொப்பை தெரியுமேக்கா...

அக்கா: தெரியட்டும். உன்னைப் பொண்ணு வீட்டுக்காரங்களா பார்க்க வராங்க? கையைத் தூக்கு.

தம்பி: என் அளவுதான் உன் தலைக்குள்ளயே இருக்கே. இன்னைக்கு எதுக்கு டேப்பும் கையுமா நிக்கிறே?

அக்கா: அது பழைய அளவு. ஜெயில்ல இருந்து வந்தப்போ எலும்பும் தோலுமா இருந்தே. இப்பதான் கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு.

தம்பி: எல்லாம் உன் கைச் சாப்பாடு.

அக்கா: ம்... இடுப்பு கூடியிருக்கு. ஒரு பிடி தளர்வாவே வைக்கிறேன்.

தம்பி: சட்டை ரெண்டு, பைஜாமா ரெண்டு. திடீர்னு எனக்கு என்ன யோகம்? அந்த டீச்சரம்மா ரவிக்கை அப்படியே கிடக்கு. நாளைக்குத் தரணும்னு காலையில புலம்புனியே.

அக்கா: காத்திருப்பாங்க.

தம்பி: திட்டுவாங்க.

அக்கா: திட்டட்டும். என் காதுக்கு அதென்ன புதுசா?

தம்பி: ...வக்கீல் போன் பண்ணாராக்கா?

அக்கா: எந்த வக்கீல்?

தம்பி: நம்ம வாசல்ல என்ன வரிசையிலா நிக்கிறாங்க? நம்ம வக்கீல்தான். மேல்கோர்ட்டுல இன்னைக்குத் தீர்ப்புன்னாரே.

அக்கா: ஓ... பண்ணார், பண்ணார். தள்ளி வச்சுட்டாங்களாம்.

தம்பி: எதுவரைக்கும்?

அக்கா: அடுத்த மாசம்னு நினைக்கிறேன். மிஷின் சத்தத்துல சரியா விழலை. திரும்பு, முதுகைக் காட்டு.

தம்பி: ...சரி.

அக்கா: என்ன சரி?

தம்பி: இன்னும் ஒரு மாசம் உன் உயிரை வாங்கலாம்னு சொன்னேன்.

அக்கா: வாங்குடா... யார் வேண்டாம்னா?

தம்பி: போன் அடிக்குதுக்கா.

அக்கா: அடிக்கட்டும். துணி கொடுத்தவங்க யாராவது இருக்கும்.

தம்பி: கவுத்து வச்சிருக்கே. யாருன்னு எப்படித் தெரியும்?

அக்கா: ஆடாம நில்லு. ஊசி குத்திடும்.

தம்பி: டேப்புல ஏதுக்கா ஊசி? ...சரி, சரி. முறைக்காதே.

அக்கா: எனக்கு ஒண்ணுதான் விளங்கலை. கீழ்க்கோர்ட்டுல அத்தனை பேரையும் நிக்க வச்சு விசாரிச்சாங்க. குடோன்ல தீப்பிடிச்சதுக்கு நீ காரணமில்லைன்னு விட்டாச்சு. அப்புறம் மேல என்னடா இன்னொரு கோர்ட்டு?

தம்பி: செத்துப்போன வாட்ச்மேனோட சம்சாரம் ஒத்துக்கலையே. அங்க வயரிங் பண்ணவன் நான். புருஷனைப் பறிகொடுத்தவங்க வேற எங்க போய்க் கேட்பாங்க?

அக்கா: நீ மெயினை அணைச்சுட்டுத்தானே வந்தே?

தம்பி: அணைச்சேன்க்கா. எத்தனை தடவை கேட்டாலும் அணைச்சேன்.

அக்கா: எனக்குத் தெரியாதாடா! அந்த குடோன் சூப்பர்வைசர் சாட்சிக் கூண்டுல எப்படி முழிச்சான்! 'அணைக்கலை'ன்னு ஒத்தை வார்த்தை சொல்றதுக்குள்ள நாக்கு வறண்டு, தண்ணி கேட்டு... நீதிபதியம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு அவன் மூஞ்சியையே பார்த்தாங்களே.

தம்பி: அது அவங்க பார்த்தது. மேல இருக்கறவங்க பெரும்பாலும் ஆளைக் கூப்பிட மாட்டாங்க. கீழ எழுதி வந்ததைத்தான் படிப்பாங்க. காகிதத்துல அவன் திணறாமத்தான் பேசியிருப்பான்.

அக்கா: ஆளைப் பார்க்காம என்னடா தீர்ப்பு? யாரோ வெட்டின துணியை, போட்டுக்கறவங்களைப் பார்க்காம பிரிச்சுத் தைக்கச் சொன்னா நான் தைப்பேனா?

தம்பி: தைப்பே. போன வாரம்தானே தைச்சே? வேற கடையில கெடுத்துக் கொண்டுவந்த கோட்டு. கச்சிதமா வந்துச்சு.

அக்கா: நீ யார் பக்கம்டா?

தம்பி: உள்ள என் பக்கத்துல படுத்திருந்த பெரியவரை அதே மேல்கோர்ட்டுதான் வெளிய விட்டுச்சு. கீழ யாருமே கவனிக்காத ஒரு தேதி. மேல படிச்சவங்க கண்ணுல பட்டுச்சாம். நாங்கெல்லாம் கைதட்டி அனுப்பி வச்சோம். அன்னைக்குக் கைதட்டிட்டு, இன்னைக்கு அந்தக் கோர்ட்டு எதுக்குன்னு எப்படிக்கா கேட்கிறது?

அக்கா: ...இன்னைக்குன்னா?

தம்பி: பேச்சுக்குச் சொன்னேன்.

அக்கா: அதுக்கும் மேல ஒரு கோர்ட்டு இருக்கில்ல?

தம்பி: இருக்கு. எதுக்குக் கேட்கிறே?

அக்கா: நானும் பேச்சுக்குத்தான் கேட்டேன். உட்காரு. சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்.

தம்பி: சாப்பிட்டு மணி பத்தாச்சு, இன்னும் தைச்சுக்கிட்டே இருக்கே. ஊசியைக் கொடு, நான் நூல் கோத்துத் தரேன். எவ்வளவு நேரமா அந்தக் காதோட மல்லுக்கட்டறே...

அக்கா: வெளிச்சம் பத்தலை.

தம்பி: நீ மாட்டச் சொல்லி நான் மாட்டின டியூப்லைட்டு. அதைக் குறை சொல்லாதே. இந்தா. ...சட்டைக்குப் பாக்கெட் வைக்கலையேக்கா?

அக்கா: வீட்டுல போடற சட்டைக்கு என்னடா பாக்கெட்டு? பெரிய கலெக்டரு.

தம்பி: அதுவும் சரிதான்.

அக்கா: இதோ முடிஞ்சுது. பைஜாமாவுக்கு நாடா கோத்துட்டா ஆச்சு.

தம்பி: நாடா வேண்டாம்க்கா. எலாஸ்டிக் போட்டுடு.

அக்கா: ஏன்டா? எலாஸ்டிக் நாளாக நாளாகத் தொளதொளன்னு ஆயிடும். நாடான்னா நீ இளைச்சாலும் இழுத்துக் கட்டிக்கலாம்...

தம்பி: ...வக்கீல் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணார்க்கா. நாளைக்கு நானே கோர்ட்டுல போய் நிக்கணுமாம். உள்ள விடறதுக்கு முன்னாடி நாடாவை உருவிக்குவாங்க. போன தடவை பூரா இடுப்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டேதான் நடந்தேன்.